நகல் எடுத்தவரின் கவனக்குறைவு

ஊரில் அவரை எல்லோரும் நகல் என்றே கூப்பிட்டார்கள். நேரில் என்றால் மரியாதைக்கு ஒரு 'சார்' சேர்த்துக்கொள்வார்கள். அவர் முதுகைத் திருப்பியதும் அதையும் கழற்றிவிடுவார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் அவர் நகல் எழுத்தர். ஒருவன் வீட்டை விற்றாலும், தம்பியோடு பாகம் பிரித்தாலும், கிணற்றில் பாதியை மருமகனுக்கு எழுதிவைத்தாலும், அந்தச் செய்தி தடித்த பதிவுப் புத்தகத்தில் அவர் கையால்தான் ஏறும். முத்துக் கோத்த மாதிரி எழுத்து. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'அசலுடன் ஒப்பிட்டேன், சரியாக இருக்கிறது' என்று எழுதி ஒப்பம் போடுவார்.

அசலில் பிழை இருந்தால் பிழையையும் அப்படியே எழுத வேண்டும் என்பது அலுவலக விதி. கிழக்கு இருக்க வேண்டிய இடத்தில் மேற்கு என்று இருந்தால் நகலிலும் மேற்குதான். சூரியன் வேண்டுமானால் தன்னை மாற்றிக்கொள்ளட்டும். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு சொல் கூட்டியதில்லை, ஒரு சொல் விட்டதில்லை.

இப்படிப்பட்ட மனிதர் கெட்டுப்போனது நாடக சபையில்.

அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் இல்லாத ஊரில்கூட நாடக சபை ஒன்று இருக்கும். இந்த ஊர் சபை மரக்கடையின் மாடியில் இருந்தது. கீழே ரம்பம் ஓடும். மரத்தூள் பலகை இடுக்கு வழியாக மேலே வந்து மேடையில் படியும். போர்க்களத்தில் மாண்டு கிடக்கும் மன்னன் தும்முவதும், எதிரிப் படைத்தலைவன் 'நூறு வயசு' என்று வாழ்த்துவதும் இங்கே சாதாரணம். மாடி மரக்கடை முதலாளியுடையது. திரைச்சீலை அவருடையது, விளக்கு அவருடையது, உட்காரும் பெஞ்சு அவர் கடையில் அறுத்தது. ஆகவே நாடகமும் அவருடையதாக இருந்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. சபையின் தலைவர் அவர், ஆசிரியரும் அவர்.

அவர் எழுதிய நாடகங்களில் பெரியது, கடல் கடந்து போன ஒரு வணிகனின் கதை. வணிகன் பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். அதற்குள் இங்கே அவன் குழந்தை இறந்துவிடுகிறது, மனைவி காத்திருக்கிறாள். வணிகன் கப்பலில் ஏறுமுன் நிலவைப் பார்த்து, 'ஏ நிலவே! நீ ஏன் நிலவாக இருக்கிறாய்?' என்று கேட்கிறான். நிலவு பதில் சொல்வதில்லை. அதனால் அவன் அதே கேள்வியைக் கடலிடமும், பாய்மரத்திடமும், கடைசியில் தன் மாமனாரிடமும் கேட்கிறான்.

இந்த நாடகத்தை அடுத்த ஊர் சபைக்காரன் திருடிவிடுவான் என்று தலைவருக்கு ஒரு பயம். அதனால் முழுப் பிரதி அவருடைய இரும்புப் பெட்டியில் பூட்டியே இருக்கும். நடிகர்கள் அதைப் பார்க்க முடியாது. நகல் மட்டும் தலைவர் முன்னால் உட்கார்ந்து அதிலிருந்து ஆளுக்கொரு பாடம் எழுதி எடுப்பார். பாடம் என்றால் தைத்த சின்ன நோட்டு. அதில் அந்த நடிகன் பேச வேண்டியது மட்டும் இருக்கும். அவனுக்கு முன்னால் பேசுகிறவன் எந்த மூன்று சொல்லில் முடிப்பான் என்பதைச் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதியிருப்பார். அந்த மூன்று சொல் காதில் விழுந்ததும் இவன் ஆரம்பிக்க வேண்டும். மற்றவர் என்ன பேசுகிறார், கதை எங்கே போகிறது என்பதெல்லாம் அவனுக்கு வேண்டாத விஷயம். நாலு வருடம் மாமனாராக நடித்த ஒருவர், கடைசியில் வணிகன் உயிரோடு திரும்புகிறான் என்பதைச் சவரக்கடையில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

மேடையில் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, வரி மறந்தவனுக்கு அடியெடுத்துக் கொடுப்பதும் நகலின் வேலை. அதற்கு அவர் கையால் எழுதிய தனி நோட்டு ஒன்று உண்டு. தலைவரின் பெட்டிக்கு வெளியே நாடகத்தை முழுதாக அறிந்தவர் உலகத்தில் அவர் ஒருவரே.

வணிகன் மனைவியாக நடித்தவர் ஊர்த் தபால்காரர். நல்ல மெல்லிய குரல், கட்டையான கால். ஒருநாள் ஒத்திகையில் அவர் தன் பாடத்தைத் தூக்கிக் காட்டினார்.

"அண்ணே, இது நியாயமா? பன்னெண்டு வருஷம் கழிச்சுப் புருஷன் வர்றான். 'நாதா வந்தீரோ, என் உள்ளம் பூத்ததே'ன்னு எனக்கு ஒரே வரி. அப்புறம் திரை விழுற வரைக்கும் நான் என்ன பண்றது? கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கவா?"

"எழுதினவர் அவரு. என்னைக் கேட்டா?"

"எழுதிக் குடுக்கிறது நீங்கதானே?"

தபால்காரர் சாதாரணமாகத்தான் சொன்னார். மறுநாள் மதியம் அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், நகல் அந்த ஒரு வரிக்குக் கீழே இன்னும் நாலு வரி எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவைத் துடைத்து மூடினார். வேலை போகிற குற்றம் செய்தவன் மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டார்.

அவர் அதைக் கற்பனை செய்து எழுதவில்லை. கற்பனை அவரிடம் கிடையாது. இருந்திருந்தால் பதிவு அலுவலகத்தில் வேலை நிலைத்திருக்காது. அவரிடம் இருந்தது நல்ல காது.

அதற்கு நாலு வருடம் முன்னால் தூரத்து ஊர் அலுவலகம் ஒன்றில் வெள்ளம் புகுந்து பதிவுப் புத்தகங்கள் ஊறிப்போயின. அவற்றை மறுபடி எழுத இவரை ஆறு வாரம் அனுப்பியிருந்தார்கள். அந்த ஆறு வாரத்தில் ஐந்தாவதில், ஏழு வயது மகள் காய்ச்சலில் போய்விட்டாள். தந்தி வழி தெரியாமல் சுற்றி வந்தது. இவர் வீடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து மூன்று நாள். மனைவி அழவில்லை. சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிட வாங்க. பழக்கத்துல மூணு தட்டு வச்சுட்டேன். ஒண்ணை நீங்களே எடுத்துருங்க, எனக்குக் கை வரலை" என்றாள்.

இதைத்தான் மேடைத் தமிழில் திருப்பி எழுதினார். 'உணவருந்த வாருங்கள், சுவாமி. பழக்கத்தால் மூன்று தட்டு வைத்துவிட்டேன். ஒன்றைத் தாங்களே எடுத்துவிடுங்கள். எனக்குக் கை வரவில்லை.'

அடுத்த சனிக்கிழமை மாலை நாடகம். அந்த இடம் வந்தபோது நகல் திரைக்குப் பின்னால் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தபால்காரர் அதைப் பாதி பேச்சாகவும் பாதி பாட்டாகவும் இழுத்துச் சொன்னார். ஆர்மோனியம் தானாகவே நின்றுவிட்டது. ரம்பத்தூளில் தும்முகிற மாடியில் ஒரு தும்மல் இல்லை. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து விசும்பல் கிளம்பி ஆண்கள் பக்கம் வந்தது.

முன் வரிசையில் இருந்த தலைவர் நேரே உள்ளே வந்தார். பிடிபட்டுவிட்டோம் என்று நகல் நோட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

தலைவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எழுதும்போதே நினைச்சேன்யா, இந்த இடத்துல ஜனம் தாங்காதுன்னு."

நகல் வாயைத் திறந்தார். தலைவர் அவர் தோளில் தட்டினார். "கையெழுத்தும் நல்லா இருந்துச்சுன்னு தபால்காரர் சொன்னாரு. அப்படியே வச்சுக்க."

மனிதர் பொய் சொல்லவில்லை. அவர் உண்மையிலேயே அப்படி நம்பினார். சொந்தப் பெயர் போட்ட பொருளில் நல்லது ஒன்று தென்பட்டால், அது தானே வைத்ததுதான் என்று நினைப்பது முதலாளிகளுக்குப் பிறவிக்குணம்.

அன்று தப்பித்தோம் என்ற நிம்மதி நகலுக்குப் படி இறங்கும்வரை இருந்தது. கடைசிப் படியில் அது வேறு என்னவோ ஆகிவிட்டது.

அதன் பிறகு அவர் நிறுத்தவில்லை. மனைவி சமையலறையில் சொல்கிற ஏசலும் கேலியும் ஒவ்வொன்றாக மேடை ஏறின. அவர் சட்டையில் மை கொட்டிக்கொண்டு வந்தால், "அந்தப் பேனாவையே கட்டிக்கிட்டு இருந்திருக்கலாம், அதுக்காவது துவைச்சுப் போட வேண்டாம்" என்பாள். வணிகன் மனைவி அதையே கப்பலை வைத்துச் சொன்னாள். கொல்லென்று சிரிப்பு. ஒன்பது வருடத்தில் நாடகத்தில் ஜனங்கள் சிரிக்கிற இடமும் அழுகிற இடமும் எல்லாம் அவர் சேர்த்தவையாகவே ஆயின. மீதி நேரம் வணிகன் நிலவோடு பேசுவான். அந்த நேரத்தில் ஆண்கள் வெளியே போய் பீடி பிடித்துவிட்டு வருவார்கள்.

அவருடைய மனைவி ஒரு நாடகமும் விடமாட்டாள். பெண்கள் பக்கம் கடைசி வரிசை, தூணுக்குப் பக்கத்தில். மூன்று தட்டு வரும்போதெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவாள். அது தன் பேச்சு என்று அவளுக்குத் தெரியவில்லை. சுவாமியும் வாருங்களும் போட்டு, ஒரு தபால்காரர் இழுத்துப் பாடினால் யாருக்குத்தான் சொந்தப் பேச்சு தெரியும்? தவிர, அன்றைக்குத் தான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் சொல்வாள்: "அந்த மனுஷனுக்கு என்ன மனசுங்க. ஒரு பொம்பளை வயித்துக்குள்ள புகுந்து பார்த்த மாதிரி எழுதுறாரு. அவர் பொண்டாட்டி குடுத்து வச்சவ."

"அந்தம்மாவையே கேளு."

"நீங்களும்தான் இருபது வருஷமா எழுதுறீங்க. எனக்குன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வந்திருக்கா? புள்ள போனப்பக்கூட வந்து உக்காந்து சுவத்தைத்தான் பார்த்தீங்க."

அவர் நடையை எட்டிப் போடுவார். நான்தான் எழுதினேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் அசலில் இல்லாததை நகலில் சேர்த்தேன் என்று சொல்ல, ஒப்பம் போட்டுப் பழகிய அந்த வாய்க்கு வரவில்லை. ஊர் அறிய வேண்டும் என்ற ஆசைகூட அவருக்கு இல்லை. இவள் ஒருத்தி அறிந்தால் போதும். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் மனதில் என்ன ஓடியது என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். அது ஒன்றுதான் அவர் வேண்டியது.

சபைக்கு இருபத்தைந்தாவது வருடம் வந்தது. நாடகத்தைப் புத்தகமாகப் போடுவது என்று தலைவர் தீர்மானித்தார். சபைச் செயலாளரான கணக்கு வாத்தியார் வந்து சொன்னார்.

"நகல் சார், அச்சுக்கு ஒரு சுத்தப் பிரதி வேணும். முதலாளி பெட்டியைத் திறந்து அசலைக் குடுப்பாரு. பத்திரமா பண்ணுங்க. ஒரு புள்ளி மாறக்கூடாது."

ஒரு புள்ளி மாறக்கூடாது என்று அவரிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த முறை அந்தச் சொல் அவருக்குள் ஒரு விளக்கைப் பொருத்தியது. சரி, மாறாது. அசலில் என்ன இருக்கிறதோ அதுதான். நிலவு, கடல், பாய்மரம், மாமனார். நாதா வந்தீரோ. அதோடு நிறுத்தம். புத்தகம் வரட்டும். அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், மூன்று தட்டைத் தேடுவாள், இருக்காது. ஏன் இல்லை என்று கேட்பாள். அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினார். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக நாடகத்துக்கு நேர்மையான நகல் ஒன்று எடுத்தார். கடைசிப் பக்கத்தில் 'அசலுடன் ஒப்பிட்டேன், சரியாக இருக்கிறது' என்று எழுதி ஒப்பமும் போட்டார்.

வெளியீட்டு விழாவில் மாடி நிறைந்திருந்தது. எல்லோரும் பேசி முடித்த பிறகு, தபால்காரரை எழுந்து அந்தப் பிரபலமான கட்டத்தைப் படிக்கச் சொன்னார்கள். அவர் புத்தகத்தைப் பிரித்து, தொண்டையைக் கனைத்து, 'நாதா வந்தீரோ, என் உள்ளம் பூத்ததே' என்றார். அடுத்த வரியில் திரை விழுந்துவிட்டது. பக்கத்தைத் திருப்பினார். பின்னால் திருப்பினார். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டதோ என்று விரலில் எச்சில் தொட்டுப் பிரித்துப் பார்த்தார்.

"தட்டைக் காணோமே" என்றார், மைக் இருப்பதை மறந்து.

கூட்டம் கலைந்ததும் நகலை மாடியில் நிறுத்தினார்கள். தலைவர், வாத்தியார், தபால்காரர். கீழே ரம்பம் அன்று ஓடவில்லை.

"எங்கய்யா என் வசனம்?" என்றார் தலைவர். கோபத்தைவிட வலிதான் அதிகம் தெரிந்தது. "இருபத்தஞ்சு வருஷ உழைப்பு. உசுருள்ள இடமா பார்த்து விட்டிருக்கியே."

"அசல்ல இல்லைங்க முதலாளி."

"எது இல்ல?"

"நீங்க எழுதினதுல அது இல்ல. பெட்டியைத் திறந்து பாருங்க. அதெல்லாம் நான் சேர்த்தது."

இந்த வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. சொன்ன பிறகு கால் லேசானது.

பெட்டி திறந்தது. வாத்தியார் அசலை எடுத்து விரல் வைத்துப் பார்த்தார். "இல்லதான்" என்றார் மெதுவாக.

தலைவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. "அட, இது முதல்ல எழுதினதுய்யா. இந்தத் தட்டு வசனமெல்லாம் அப்புறம் நான் வாயால சொன்னது. நான் சொல்லச் சொல்ல நீதானே எழுதின? என் எதிர்ல உக்காந்து? மறந்துட்டியா?"

"நீங்க சொல்லலைங்க. பாடம் எல்லாத்தையும் எடுத்துப் பாருங்க. எல்லாம் என் கையெழுத்து."

வாத்தியார் சிரித்தே விட்டார். "ஏன் சார், உங்க கையெழுத்தா இல்லாம வேற யார் கையெழுத்தா இருக்கும்? நீங்கதானே நகல் எடுக்கிறவர்?"

நகல் தபால்காரரைப் பார்த்தார். எழுதிக் கொடுக்கிறது நீங்கதானே என்று கேட்ட மனிதர் அவர். தபால்காரர் மேடைத் திரையின் கிழிசலைப் பார்த்தார். அடுத்த மாதம் புது நாடகம், அதிலும் அவருக்குக் கதாநாயகி வேஷம்.

"விடுங்கண்ணே. வயசாகுது, ரெண்டு பக்கம் விட்டுப்போச்சு. அதுக்காக இப்படியா பேசுறது" என்றார்.

தலைவர் பெரிய மனசுக்காரர். வேலையை விட்டு நீக்கச் சொல்லிப் பதிவு அலுவலகத்துக்கு எழுதலாம் என்ற வாத்தியாரைத் தடுத்துவிட்டார். புத்தகத்தின் பின்னால் எட்டுப் பக்கத் தாள் ஒன்று ஒட்டினால் போதும் என்றார். விட்ட வரிகளை நகலே பாடங்களிலிருந்து பொறுக்கி எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினார். அவர் ஒன்பது வருடம் சேர்த்த ஒவ்வொரு வரியும், வேறு எதுவும் கலக்காமல், முதல் முறையாக ஓரிடத்தில் சேர்ந்தது. நிலவு இல்லை, மாமனார் இல்லை. மேலே வாத்தியார் கொடுத்த தலைப்பு: 'நகல் எடுத்தவரின் கவனக்குறைவால் விடுபட்டவை.' அந்தத் தலைப்பையும் முத்துக் கோத்த மாதிரி அவரே எழுதினார். அச்சில் அவரைப் பற்றி வந்த ஒரே வரி அதுதான்.

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மனைவி ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஊர் பேசியது அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"அவரு எவ்வளவு நல்லா எழுதினதை விட்டுட்டீங்களாமே. எங்கே நினைப்பு?" என்று புத்தகத்தை வாங்கினாள். நேரே கடைசித் தாளுக்குப் போனாள். விரலை வைத்து, எழுத்தெழுத்தாக, சத்தமாகப் படித்தாள்.

"உணவருந்த... வாருங்கள்... சுவாமி. பழக்கத்தால்... மூன்று தட்டு... வைத்துவிட்டேன். ஒன்றை..."

இதுவரை அவள் அதைத் தபால்காரரின் குரலில்தான் கேட்டிருந்தாள். இப்போது தன் குரலில் கேட்டாள். விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தாள், வாய்க்குள்ளேயே. பிறகு தாளைத் திருப்பினாள். பேனா, மை, துவைத்துப் போடுவது என்று தான் ஏசியது நினைவுக்கு வந்தது. கப்பல் என்று இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இதெல்லாம் நான் பேசினது."

"ஆமா."

"நம்ம வீட்டுப் பேச்சை அந்த மரக்கடைக்காரர்கிட்ட போய்ச் சொன்னீங்களா?"

"அவர்கிட்ட ஒண்ணும் சொல்லலை. அவருக்கு ஒண்ணும் தெரியாது." இந்த நேரத்துக்காகத்தானே இத்தனை வருடம். "நான்தான் எழுதினேன். எல்லாம் நான் எழுதினதும்மா."

அவள் புத்தகத்தை மூடினாள்.

"நீங்க எங்க எழுதினீங்க? நான் சொன்னேன். நீங்க நகல் எடுத்தீங்க."

மாடியில் மூன்று பேர் சேர்ந்து பறிக்க முடியாத வசனத்தை அவள் ஒருத்தி உட்கார்ந்த இடத்திலேயே பறித்துவிட்டாள். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவருக்கே தெரியவில்லை. அசலுடன் ஒப்பிட்டால் சரியாகத்தான் இருந்தது.

"அன்னைக்கு ஒண்ணை எடுத்துருங்கன்னு உங்ககிட்ட சொன்னேன்" என்றாள். "நீங்க எடுக்கலை. சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. அப்புறம் நான்தான் எடுத்தேன். துக்கத்துல உக்காந்திருக்காருன்னு இத்தனை வருஷமும் நினைச்சுக்கிட்டு இருந்தேன். மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருந்திருக்கீங்க."

"அப்படி இல்லம்மா."

"அந்தத் தூணுக்குப் பின்னால உக்காந்து ஒன்பது வருஷம் அழுதேன். ஊர்ல யாரோ ஒருத்தருக்காவது நம்ம வலி தெரிஞ்சிருக்குன்னு." அவள் துணியை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். "ஒருத்தருக்கும் தெரியலை."

அதற்கப்புறம் அவள் நாடகத்துக்குப் போகவில்லை. வீட்டில் பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். அரிசி தீர்ந்தது, கதவைச் சாத்துங்க, இந்த அளவில்தான். மேடைக்கு ஏற்ற ஒரு சொல் அவள் வாயிலிருந்து பிறகு வரவேயில்லை. சபையின் அடுத்த நாடகத்தில் கதாநாயகி 'நாதா' என்று சொல்லிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அதற்கடுத்ததற்குக் கூட்டம் வரவில்லை. தலைவருக்கு வயதாகிவிட்டது, முன்போல எழுத முடியவில்லை என்று ஊர் பரிதாபப்பட்டது. புத்தகத்தின் பின்னால் ஒட்டிய தாள் மலிவான பசையில் ஒட்டியது. ஒரு மழைக்காலத்தில் பாதிப் பிரதிகளில் கழன்று விழுந்துவிட்டது.

அந்த வீட்டில் இன்னொன்றும் மாறியது. புத்தகம் வந்த மறுநாள் மதியம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது தரையில் மூன்று தட்டு இருந்தது. அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்த பிறகுதான் பரிமாறினாள். அடுத்த நாளும் மூன்று. அதற்கடுத்த நாளும்.

அவர் இன்னும் பதினாறு வருடம் இருந்தார். தினமும் இரண்டு வேளை எடுத்து வைத்தார். நகல் எடுத்த கை. ஒரு நாளும் பிசகவில்லை.